உடனே தேவை: அண்ணனின் எச்சில்

பேரன்புக்கும் பெருமதிப்புக்கும் உரிய அண்ணன் இசாபெக் அவர்களுக்கு, தல்திகோர்கானிலிருந்து தம்பி சபர்கலி பணிவோடு எழுதுவது. மந்தை நலமா, மக்கள் நலமா, மதினியின் முழங்கால் நலமா? இங்கே நானும் என் வீட்டுக்காரி ஜிபெக்கும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், மனசு வரவில்லை. உங்கள் மேய்ச்சல் மலையில் போன் எடுக்காது என்பதால் இந்தக் கடிதத்தையும் ஒரு சின்னக் குழாயையும் பஸ் டிரைவரிடம் கொடுத்தனுப்புகிறேன். குழாயைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அதில் நீங்கள் துப்ப வேண்டும், அவ்வளவுதான்.

வருகிற சனிக்கிழமை நம் பெண் தோகஜானுக்குக் கல்யாணம் என்பது உங்களுக்குத் தெரியும். மாப்பிள்ளை தவ்ரென் தங்கமான பையன், காதில் தோடு போட்டு நிச்சயம் பண்ணியாகிவிட்டது, விருந்துக்கு அறுக்கக் குதிரையும் பார்த்து வைத்தாகிவிட்டது. நான் மட்டும் சும்மா இருந்திருந்தால் ஒரு வம்பும் இல்லை. சம்பந்தி ஜானுசாக் இருக்கிறாரே, பேச வந்த அன்றைக்கே தன் ஏழு தலைமுறை அப்பன்மார் பெயரை மூச்சுவிடாமல் ஒப்பித்தார், நானும் நம் ஏழு பேரை ஒப்பித்தேன், ஒரு பெயர்கூட இடிக்கவில்லை, ஏழுக்குள் உறவில்லை, தாராளமாகக் கட்டலாம் என்று பெரியவர்கள் கையேந்தி ஆசி சொன்னார்கள். அதோடு விட்டேனா? அவர்கள் குலத்தில் எல்லோரும் எச்சில் கொடுத்து மரபணு பார்த்திருக்கிறார்களாம், பெருமையெல்லாம் ரத்தத்திலேயே எழுதியிருக்கிறதாம், பீற்றிக்கொண்டார் மனுஷன். எனக்குப் பொறுக்குமா? நானும் போய்த் துப்பினேன். ‘உங்கள் தகவலை யார் யார் பார்க்கலாம்?’ என்று கேட்ட இடத்தில் ‘எல்லாரும்’ என்று போட்டேன். நம் அப்பாவின் ரத்தத்தை உலகமே பார்க்கட்டும் என்ற எண்ணம்தான்.

பார்த்தது அண்ணா, நன்றாகப் பார்த்தது. முதலில் பார்த்தவரே சம்பந்திதான். இன்று காலை பூட்ஸைக்கூடக் கழற்றாமல் வீட்டுக்குள் வந்து நின்று கத்தினார்.

“யோவ் சபர்கலி! உன் ரத்தமும் என் ரத்தமும் ஒண்ணுங்குதேய்யா! ஆறு தலைமுறைக்கு முன்னாடி நமக்கு ஒரே அப்பனாம்! அண்ணன் தங்கச்சிக்கா கல்யாணம் பண்ணி வைக்கப் பாத்த?”

“உங்க எச்சில்ல என்னத்தைக் கலந்தீங்களோ!” என்றேன் நான்.

“நான் என்ன கலந்து துப்புற ஆளாய்யா?” என்று அதற்கும் குதித்தார்.

தோகஜான் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறாள் அல்லவா, மரபணுவை எழுத்தெழுத்தாகக் கோத்து ஈஸ்ட்டுக்குள் வைத்து, குதிரையே இல்லாமல் குதிரைப்பால் சத்தை எடுக்கிறார்களே, அந்த இடம். அவள் நடுவில் வந்து, “மாமா, ஆறு தலைமுறை தள்ளிப்போனா ரத்தத்துல பெருசா ஒண்ணும் மிஞ்சாது. பொறக்கிற குழந்தைக்கு ஒரு கெடுதலும் வராது” என்றாள். “அதெல்லாம் உன் ஈஸ்ட்டுக்கிட்ட சொல்லும்மா. என் வீட்டுக்கு வழக்கம்னு ஒண்ணு இருக்கு” என்றுவிட்டார். பிள்ளை முகம் வெளுத்துப்போய், “தவ்ரென் இல்லன்னா எனக்குக் கல்யாணமே வேண்டாம்ப்பா” என்றாள். அந்தத் தகவலை எடுத்துவிடு அம்மா என்று கெஞ்சினேன். “போட்டது போட்டதுதான்ப்பா. இதுக்குள்ள எத்தனை நாட்டு ஆய்வுக்கூடம் இறக்கி வெச்சிருக்கோ. எழுத்து கையில இருந்தா வேண்டிய துண்டை அவங்க எங்க வேணா செஞ்சுக்கலாம்” என்றாள். அது முதல் எனக்கு உட்கார்ந்தால் இருப்பு கொள்ளவில்லை. எந்த ஊர் அண்டாவில் இன்னொரு சபர்கலி நுரைத்துக்கொண்டிருக்கிறானோ, நாளைக்கு வாசலில் வந்து நின்று பங்கு கேட்பானோ? ஜிபெக்கிடம் சொன்னால், “வர்றவனாவது சொன்ன பேச்சு கேப்பானா?” என்கிறாள்.

ஒரே ஒரு வழிதான் இருக்கிறது அண்ணா. நீங்களும் நானும் ஒரே அப்பாவின் பிள்ளைகள். உங்கள் எச்சிலைப் பரிசோதித்தால் அது சம்பந்தியோடு பொருந்தாது, பொருந்தவே பொருந்தாது. அப்போது என் பரிசோதனை முடிவு தப்பு, ஆய்வுக்கூடத்துக்காரன் குளறிவிட்டான் என்று பளிச்சென்று தெரிந்துவிடும். சம்பந்தியும் அதற்கு ஒப்புக்கொண்டுதான் போனார். தோகஜானின் தோழி வெள்ளிக்கிழமைக்குள் பார்த்துத் தருகிறாளாம். துப்புவதற்கு முன் கூமிஸ் குதிரைப்பால் குடிக்காதீர்கள், குதிரையின் ரத்தத்தோடு பொருந்தித் தொலைக்கப் போகிறது. என் மகளின் வாழ்வு உங்கள் வாயில் இருக்கிறது.

மந்தை பெருகட்டும், மலைப்புல் செழிக்கட்டும், மதினி நடமாடட்டும்.

என்றும் உங்கள் ரத்தத்தின் ரத்தமான தம்பி,
சபர்கலி

பின்குறிப்பு: பஸ் கிளம்பப் போகிறது, வேறு கடிதம் எழுத நேரமில்லை. மேலே உள்ளதை ஜிபெக் படித்துவிட்டு, பௌர்சாக் மாவுருண்டை பொரித்த கையோடு வந்து கேட்டாள்: “ஏன்யா, உன் அண்ணன் எச்சில் சம்பந்தியோட பொருந்தலன்னா, ஆய்வுக்கூடம் தப்புன்னா சொல்லுவாங்க? நீ உன் அண்ணனுக்குத் தம்பியே இல்லன்னுல்ல சொல்லுவாங்க?” எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஒரு வீட்டுப் பிள்ளையைச் சத்தமில்லாமல் இன்னொரு வீட்டுக்குக் கொடுப்பது நம் ஆட்களிடம் புதிதா என்ன?

அந்த நேரம் பார்த்து சம்பந்தி திரும்பி வந்தார். முகத்தில் ஈயாடவில்லை. அவர் வீட்டம்மாவும் இதையே கேட்டிருக்கிறாள். “சபர்கலி, பேரு வேற, ரத்தம் ஒண்ணுன்னா, நம்ம ரெண்டு பேர்ல, இல்லாட்டி நம்ம அப்பன் பாட்டன்ல, யாரோ ஒருத்தர் வீடு மாறி வந்தவங்கய்யா. அது நானா இருந்துட்டா? எங்கப்பா என்னைத் தோள்லயே தூக்கிட்டுத் திரிஞ்ச மனுஷன்யா” என்றார். அழுதுவிடுவார் போலிருந்தது. எனக்கும் அப்படித்தான் இருந்தது. இரண்டு பேரும் ஆறிப்போன டீயைக் குடித்தோம். கடைசியில் அவரே சொன்னார்: “காலங்காலமா பேரைச் சொல்லித்தானேய்யா பொண்ணு கொடுத்தோம்? எச்சில் எப்ப வழக்கமாச்சு? கல்யாணம் நடக்கட்டும்.”

ஆகையால் துப்ப வேண்டாம் அண்ணா. நீங்கள் என் அண்ணன் இல்லை என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டாம், என்னால் தாங்க முடியாது. சனிக்கிழமை நேரே வாருங்கள். சபையில் எழுந்து நம் ஏழு அப்பன்மார் பெயரையும் சொல்லுங்கள். அவர்களுக்கு அடுத்து, உங்கள் பெயரோடு சேர்த்து, என் பெயரையும் சத்தமாகச் சொல்லுங்கள்.