பஞ்சர் ஆகாத ஞாயிறு

குன்றுப் பாதையின் மூன்றாவது வளைவில் பேக்கிங்காரர் மறுபடியும் மண்டியிட்டார். பின்சக்கரம் சப்பென்று தரையோடு ஒட்டிக் கிடந்தது.

"மன்னிச்சுக்கங்க சார். இதோ ஒட்டிடறேன்."

"நிதானமாப் பாருங்க. அவசரமே இல்ல," என்ற மேனேஜர், ஒரு பாறைமேல் போய் உட்கார்ந்து தொப்பியால் விசிறிக்கொண்டார். "நல்லாக் காய வச்சே ஒட்டுங்க."

நக்கல்தான், வேறென்ன. பேக்கிங்காரருக்குக் காதெல்லாம் சுட்டது. விற்பனைக்காரர் வேறு சைக்கிளைவிட்டு இறங்காமல், ஒற்றைக் காலை ஊன்றியபடி கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கண்ணாடி டம்ளர் செய்யும் அவர்கள் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர் நாற்காலி காலியாக இருந்தது. அதற்குப் போட்டி பேக்கிங்காரரும் விற்பனைக்காரரும். ஆள் எடுப்பதில் மேனேஜருக்கு ஒரு வழக்கம் உண்டு. போட்டியில் இருப்பவர்களை ஞாயிறுதோறும் சைக்கிளில் குன்றுக்கு இழுத்துப் போவார். "ஆபீஸ்ல எல்லாரும் நல்லவங்கதான். மேட்டுல ஏறும்போதுதான் யார் எப்படின்னு தெரியும்" என்பார்.

பேக்கிங்காரருக்கு அந்த நாற்காலி கிடைத்தே ஆகவேண்டும். டம்ளர் சுற்றும் வைக்கோலின் தூசியில் தும்மியே பாதி ஆயுள் கழிந்திருந்தது. தவிர, அது கிடைத்துவிட்டதாகவே மனைவி தன் அண்ணியிடம் அளந்துவிட்டிருந்தாள்.

அவர் கட்டி அனுப்பிய டம்ளர் எதுவும் இதுவரை கீறல்கூட விட்டதில்லை. அப்பேர்ப்பட்ட கைக்கு ஒரு ரப்பர் குழாயைக் காப்பாற்றத் துப்பில்லை என்று நினைக்கும்போது, அவருக்கு அழுகையே வந்தது.

"காத்து பத்தலைங்க. இறுக்கி அடிச்சுக்கிட்டுப் போங்க," என்றாள் மனைவி அன்று இரவு.

அடுத்த ஞாயிறு இறுக்கி அடித்துக்கொண்டு போனார். சைக்கிள் கல்லுக்குக் கல் எகிறியது. பாதி வழியில் அவரை ஒரு புதருக்குள் இறக்கிவிட்டு, அது மட்டும் கொஞ்ச தூரம் தனியாகப் போய் முள்ளில் படுத்துக்கொண்டது.

"காத்தைக் குறைக்கணும் மாமா. டயர் மெத்துனு இருந்தா கல்லுக்கு ஏத்த மாதிரி வளைஞ்சு கொடுக்கும்," என்றான் மச்சினன். அவனிடம் சைக்கிள் கிடையாது. யோசனை மட்டும் உண்டு.

குறைத்தார். கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவில் ட்யூப் நசுங்கி, ஒரு ஓட்டை விழ வேண்டிய இடத்தில் ஜோடியாக இரண்டு விழுந்தன. இந்தத் தடவை மேனேஜர் பாறையில் சாய்ந்தே விட்டார்.

"வேற ஓட்டை இருக்கான்னும் தேடிப் பாத்துடுங்க," என்றார் கண்ணை மூடியபடி.

பழைய ட்யூபைக் கிழித்து டயருக்குள் பட்டையாக வைத்துப் பார்த்தார். பட்டையின் ஓரமே உரசி உரசி ட்யூபை அறுத்தது. வெளியே முள் செய்துகொண்டிருந்த வேலைக்கு அவரே உள்ளேயும் ஓர் ஆளைப் போட்டுவிட்டார்.

கடைசியில் சைக்கிள் கடைக்காரர் ஒரு பச்சைத் திரவத்தைக் கொடுத்தார். ட்யூபுக்குள் ஊற்றிவிட்டால், முள் குத்திய ஓட்டையை அதுவே அடைத்துவிடுமாம். முள் ஓட்டையைத்தான் அடைக்கும் என்பதைப் பேக்கிங்காரர் சரியாகக் காதில் வாங்கவில்லை. கூரான கல் ஒன்று டயரைக் கிழித்ததும், அத்தனை திரவமும் மேனேஜரின் வெள்ளைச் சட்டையில் பீய்ச்சி அடித்தது.

"பரவாயில்ல. காயட்டும். காயிற வரைக்கும் உக்காந்திருக்கலாம்," என்றார் மேனேஜர். விற்பனைக்காரர் சிரிப்பை மறைக்க இருமினார்.

"நாற்காலி போச்சு," என்று பேக்கிங்காரர் வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார்.

"அண்ணிகிட்ட நான் என்னன்னு சொல்றது?"

"சைக்கிள்ல இருந்து விழுந்து கை ஒடிஞ்சிருச்சுன்னு சொல்லு."

"கேட்டா கையைக் காட்டணுமே."

மறுநாள் டம்ளர் பெட்டிக்குள் ஃபோம் துண்டுகளைத் திணித்துக்கொண்டிருந்தபோது அவருக்குப் பொறி தட்டியது. காற்று இருந்தால்தானே இறங்கும்? அன்று மாலையே ட்யூபைக் கழற்றி எறிந்துவிட்டு, இரண்டு டயரிலும் ஃபோமைக் கல் மாதிரி இறுக்கித் திணித்தார். தெருவை ஒரு சுற்று சுற்றி வருவதற்குள் பல்லெல்லாம் ஆடியது. ஆடினால் ஆடட்டும்.

ஞாயிறு வந்தது. முதல் வளைவில் மேனேஜர் வேகத்தைக் குறைத்துத் திரும்பிப் பார்த்தார்.

"உங்க பின்டயர் ஒரு மாதிரி இருக்கே?"

"ஒண்ணும் இல்ல சார். போகலாம்."

இரண்டாவது வளைவு. "எதுக்கும் ஒரு தடவை இறங்கிப் பாத்துடுங்களேன்."

"தேவையே இல்ல சார். இனிமே என்னால உங்களுக்குத் தொந்தரவே வராது."

மூன்றாவது வளைவில் மேனேஜர் பாறையை ஏக்கத்தோடு பார்த்தார். பேச்சு வரவில்லை. வாயடைத்துப் போய்விட்டார் என்று பேக்கிங்காரருக்கு நெஞ்சு நிமிர்ந்தது. இத்தனை வாரம் பட்ட அவமானத்துக்கெல்லாம் சேர்த்து மிதித்தார். மேனேஜரும் விட்டுக்கொடுக்காமல் பின்னாலேயே மிதித்து வந்தார்.

உச்சியில், கீழே அழைத்துப் போக அன்று முதல் தடவையாக மேனேஜரின் மனைவி காரோடு வந்து காத்திருந்தார். மேனேஜர் சைக்கிளைப் போட்டுவிட்டுப் புல்லில் மல்லாந்தார். முகம் செங்கல் நிறமாகியிருந்தது. விற்பனைக்காரர் ஓடிப்போய்த் தொப்பியால் விசிறினார்.

தண்ணீர் கொடுத்துக் கணவருக்கு மூச்சு சீரானதும், அந்த அம்மாள் சுற்றுமுற்றும் பார்த்தார்.

"பஞ்சர் ஆகி ஆகி நிப்பாராமே, அவரு இன்னைக்கு வரலையா?"

"நான்தாங்க அது," என்று பேக்கிங்காரர் பெருமையோடு முன்னால் வந்தார். "இன்னைக்கு ஒரு இடத்துலகூட நிக்கலைங்க. இனிமே நிக்கவும் மாட்டேன்."

அந்த அம்மாள் அவரையும் டயரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மேடு ஏறினா அடிக்கடி உக்காரணும்னு டாக்டர் சொன்னதை வெளிய சொல்ல இவருக்கு வெட்கம்," என்றார். "நேத்துகூட, 'நாற்காலி அந்தப் பஞ்சர்காரருக்குத்தான், எனக்கு எங்க மூச்சு வாங்கும்னு தெரிஞ்சு நிக்கிற ஒரே ஆளு'ன்னு சொல்லிக்கிட்டிருந்தாரு."