தீன் என்றால் எத்தனை

விளம்பி வருஷம், புரட்டாசி மாதம் பதினோராம் தேதி
பழவேற்காடு, படகுத்துறை

காட்டூரில் நெல்லோடும் நல்ல பெயரோடும் வாழ்கிற என் தாய்மாமன் அங்கமுத்து அவர்களின் பாதங்களில் விழுந்து, இன்னும் எழுந்திருக்காமலே மருமகன் துளசிங்கம் எழுதிக்கொள்வது.

இவ்விடம் ஏரியில் தண்ணீர் இருக்கிறது, மீனும் படுகிறது, எல்லோரும் சுகம். அந்த எல்லோரில் என்னைச் சேர்க்க வேண்டாம். அவ்விடம் தாங்களும் அத்தையும் லோகநாயகியும் மாடு கன்றுகளும் நலமாயிருக்கத் திருப்பாலைவனத்து ஈசுவரனை வேண்டுகிறேன். எனக்காக வேண்டிக்கொள்ள எனக்கே வெட்கமாயிருப்பதால் அதை மட்டும் தாங்கள் செய்யவும்.

மாமா, நான் கோட்டை ஆஸ்பத்திரியை விட்டு வந்துவிட்டேன். வந்துவிட்டேன் என்பது மரியாதைக்காக எழுதியது, விரட்டிவிட்டார்கள். படகுத்துறையில் புளியமரத்தடியில் மூட்டையை மடியில் வைத்து, அதன்மேல் தாங்கள் வாங்கித் தந்த காகிதத்தை வைத்து எழுதுகிறேன். படகு வர நேரமிருக்கிறது. நடந்ததை எல்லாம் எழுதிவிட்டால் நேரில் வாய் திறக்க வேண்டியிருக்காது பாருங்கள்.

ஒல்லாந்தர் வைத்தியரிடம் ஆறு மாதம் கூடவே இருந்து ரண வைத்தியம் பழக எனக்கு இடம் வாங்கிக் கொடுத்தது தாங்கள். துபாஷி சீனிவாசன், "பையனுக்கு அவங்க பாஷை தெரியுமா?" என்று கேட்டபோது, "கரைச்சுக் குடிச்சிருக்கான்" என்று சொன்னதும் தாங்கள். தங்கள் வாக்கு பொய்யாகக் கூடாதே என்று பக்கத்தில் நின்று தலையாட்டியது நான். புறப்பட்ட அன்று தாங்கள் சொன்ன புத்தி இப்போதும் காதில் இருக்கிறது: "இந்த மாதிரி எடம் லேசுல கெடைக்காதுடா. மூலையில நிக்காத, முன்னால நில்லு. சும்மா இருக்காத. எதக் கேட்டாலும் தெரியும்னு சொல்லு." மூன்றையும் ஒன்று விடாமல் செய்தேன். எல்லாக் கெடுதலும் அதனால்தான் வந்தது என்று எழுதினால் தங்கள்மேல் பழி போட்டதாக ஆகும். ஆகவே எழுதவில்லை.

முதல் நாளே முன்னால் போய் நின்றேன். பெரிய வைத்தியர் என்னைப் பார்த்து ஏதோ கேட்டார். எனக்குத் தெரிந்த பதினொரு சொற்களில் 'யா' என்றால் ஆமாம் என்பது ஒன்று. 'யா' என்றேன். வயிற்றைத் தொட்டுக் கேட்டார், 'யா'. தலையைத் தொட்டுக் கேட்டார், அதற்கும் 'யா'. உடனே என்னைக் கட்டிலில் படுக்க வைத்து, கையைக் கீறி ஒரு கிண்ணம் ரத்தம் எடுத்து, மூன்று நாள் வெறும் கஞ்சி கொடுத்தார்கள். நோயாளி படும் பாட்டை முதலில் மாணவன் பட்டுப் பார்க்க வேண்டும் என்பது ஒல்லாந்தர் பாடமுறை போலும், என்ன அறிவான ஜனங்கள் என்று நான் வியந்துகொண்டே படுத்திருந்தேன். மூன்றாம் நாள் கஞ்சி கொண்டுவந்த சூசையம்மாள்தான், "ஒனக்கு இன்னாய்யா நோவு?" என்று கேட்டாள். அவள் ஆஸ்பத்திரியில் கஞ்சி காய்ச்சிக் கட்டுத்துணி துவைக்கிறவள். முப்பது வயதிருக்கும், நாக்குக்கு மட்டும் வயது அதிகம். "எனக்கு ஒரு நோவும் இல்ல, நான் படிக்க வந்தவன்" என்றேன். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அன்று சாயங்காலமே என்னை எழுப்பி விட்டார்கள். என் முகக்களையைப் பார்த்து வைத்தியரே கண்டுபிடித்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகும் புத்தி வரவில்லை. வைத்தியர் கட்டில் கட்டிலாகப் போகும்போது அவர் முழங்கையை ஒட்டி நின்றேன். அங்கே ஒரே ஜன்னல். நான் எங்கே நின்றாலும் வெளிச்சத்தை மறைத்தேன். அவர் என்னைத் தோளைப் பிடித்து நகர்த்துவார், நான் திரும்ப வருவேன், மறுபடியும் நகர்த்துவார். சும்மா இருக்கக் கூடாதென்று அவர் சொல்வதையெல்லாம் காகிதத்தில் குறித்தேன். ஒரு சொல்லை மட்டும் எல்லாக் கட்டிலருகிலும் சொன்னார். இந்தக் கோட்டையில் அதிகம் பரவியிருக்கும் வியாதி இதுதான் என்று கண்டுகொண்டு, கால் வீங்கிய மாலுமி ஒருவனிடம் கைகட்டி நின்று, அவனுக்கு அந்த வியாதி இருப்பதை வருத்தத்தோடு தெரிவித்தேன். அவன் படுத்தபடியே ஊன்றுகோலை எடுத்தான். அது கொசு கடிக்கும்போதெல்லாம் வைத்தியர் சொல்கிற வசவு என்று பிற்பாடு தெரிந்தது. அந்தச் சொல்லை இங்கே எழுதக் கை கூசுகிறது, அத்தையும் படிப்பார்கள்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற சங்கதிகள். இனி எழுதப்போவது அப்படியல்ல மாமா. இதைத் தனியாகப் படிக்கவும்.

இன்று காலை ஏரிக்கு அக்கரைக் குப்பத்திலிருந்து ஒரு படகு வந்தது. கண்ணப்பன் என்ற மீன்காரரை அவர் பெண்சாதி குப்பம்மாளும் இரண்டு பேரும் தூக்கி வந்தார்கள். வலை இழுக்கும்போது திருக்கை வாலால் அடித்து, முள் கெண்டைக்காலில் ஏறி ஒடிந்துவிட்டதாம். கும்பினி ஆட்களைத் தவிர மற்றவரை அங்கே சேர்ப்பது அபூர்வம். குப்பம்மாள் போட்ட கூச்சலில் காவல்காரனே வழிவிட்டுவிட்டான்; தூக்கி வந்த இருவரும் அவரைக் கட்டிலில் விட்டுப் படகுக்குத் திரும்பினார்கள். காலைப் பார்த்தேன். முழங்காலுக்குக் கீழே ஒரே கறுப்பு. நாற்றம் வாசல் வரை வந்தது.

வைத்தியர் என்னைப் பார்த்து விரலை ஆட்டினார். பேச்சை மாற்றிச் சொல்ல ஆள் வேண்டுமென்று அர்த்தம். முன்னால் போய் நின்றேன்.

"எப்ப குத்திச்சு?" என்று கேட்டேன்.

"மூணு நாள் ஆச்சு நைனா" என்றாள் குப்பம்மாள்.

"கறுப்பா கீதே, இது இன்னா?"

"கீலு பூசிக்கிறோம். குங்கிலியமும் கரியும் மீனெண்ணெயில காய்ச்சினது. எங்க பக்கம் எல்லாத்துக்கும் அதான். படகுல ஓட்ட வுழுந்தா கீலு, காலுல ஓட்ட வுழுந்தா கீலு."

மாமா, கீல் என்பதற்கு அவர்கள் பாஷையில் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியாது. தெரியாததை விட்டுவிட்டேன். தெரிந்ததை மட்டும் சொல்வோம் என்று நாள் கணக்கை மட்டும் சொன்னேன். வைத்தியர் எண்ணும்போது 'தீன்' என்று சொல்வதை நான் கேட்டிருக்கிறேன். நம் சந்தையில் குதிரை விற்க வருகிற துருக்கரும் மூன்றுக்குத் தீன் என்றுதான் சொல்வார்கள். உலகத்தில் மூன்று எங்கும் மூன்றுதானே என்று, நெஞ்சை நிமிர்த்தி, "தீன்" என்றேன். விரலைக் காட்டியிருந்தால் போதும். விரலைக் காட்டினால் பாஷை தெரியாதவன் என்று நினைப்பார்களே என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

வைத்தியர் முகம் மாறியது. குனிந்து முகர்ந்தார். தலையை ஆட்டினார். ஏதோ உத்தரவு போட்டார். நான்கு மாலுமிகள் வந்தார்கள். ஒரு குவளை சாராயம் வந்தது. கண்ணப்பன் அதைக் குடித்துவிட்டு, "நல்லவங்கதான்யா இவங்க" என்றார். பிறகு ஒரு துணிப்பொட்டலம் வந்தது. பிரித்தார்கள்.

குப்பம்மாள் எட்டிப் பார்த்தாள். "நைனா, அந்த ரம்பம் எதுக்கு? கட்டிலு காலயா அறுக்கப் போறாங்க?"

நான் சிரித்தேன் மாமா. அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. அவள் சொன்னதற்கு ஒரு கணம் சிரித்தேன். பிறகு ஒரு மாலுமி கண்ணப்பன் தொடைமேல் தோல்வாரை வைத்து இறுக்கினான். ரம்பம் கட்டிலுக்கு அல்ல என்று எனக்குப் புரிந்தது. கண்ணப்பனுக்கும் புரிந்துவிட்டது.

"வாணாம் சாமி! கால எடுத்துட்டா எங்க நின்னு வலைய இழுப்பேன்? சொல்லு நைனா, நீ சொல்லு அவருகிட்ட!"

என்ன சொல்வேன்? பதினொரு சொற்களில் எது இதற்கு உதவும்? ரம்பத்தை எடுத்து முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு சுவரோடு சாய்ந்து நின்றேன். கண்ணப்பனைப் பிடிக்க வந்த நால்வரும் என்னைப் பிடித்தார்கள். "எனக்குத் தெரியாது! உங்க பாஷை எனக்குத் தெரியாது! நான் சொன்னது பொய்!" என்று தமிழில் கத்தினேன். தமிழ் தெரிந்தவர்கள் கண்ணப்பனும் குப்பம்மாளும்தான். அவர்கள் என்னைப் பார்த்த பார்வையை எழுத இந்தக் காகிதம் போதாது. நம்பி வந்த மனிதர்கள் அவர்கள்.

அப்போது துவைத்த துணிக்கூடையோடு சூசையம்மாள் உள்ளே வந்தாள். "இன்னாய்யா கூச்சல்?" என்றாள். அழுதுகொண்டே சொன்னேன், மூன்று நாள் என்றும், கறுப்பு வெறும் கீல் என்றும். அவள் கூடையை இறக்கிவிட்டு வைத்தியரிடம் திரும்பி, அவர் பாஷையில் மளமளவென்று பேசினாள். ஒரு மூச்சில், தட்டாமல், தடுமாறாமல். அவள் கோட்டைக்குள்ளேயே பிறந்து வளர்ந்தவளாம்.

"தீன்னா பத்துய்யா" என்றாள் என்னிடம். "பத்து நாள் அழுகின காலுன்னு நெனச்சிக்கினு கீறாரு."

"ஒனக்கு இவ்வளவு தெரியும்னு ஏன் சொல்லல?"

"நீ எங்க கேட்ட? ரெண்டு மாசமா எங் கையால கஞ்சி குடிக்கிற. ஒரு வார்த்த கேட்டியா?"

முதல் வாரம் என்னைக் கட்டிலிலிருந்து மீட்டது என் முகக்களை அல்ல, இவள்தான் என்பது அப்போதுதான் உறைத்தது. முன்னால் நில் என்று தாங்கள் சொன்னதை, பெரியவர்கள் முன்னால் மட்டும் என்று நான் எடுத்துக்கொண்டேன். துணி துவைக்கிறவளிடம் கேட்கவும் ஏதாவது இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

வைத்தியர் ரம்பத்தை வாங்கி ஒரு பக்கமாக வைத்தார். சூசையம்மாள் வெந்நீருக்கு ஓடினாள். நான் விளக்கிலிருந்த எண்ணெயைத் துணியில் தொட்டுக் கண்ணப்பன் காலைத் துடைத்தேன். கறுப்பு கொஞ்சம் கொஞ்சமாகப் பெயர்ந்தது. அடியில் சிவந்து வீங்கிய கால், உயிருள்ள கால். பாதிக் கால் துடைப்பதற்குள் எண்ணெய் தீர்ந்துவிட்டது. நிமிர்ந்தேன். வைத்தியர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வாசலைக் காட்டி ஒரு நீள வாக்கியம் சொன்னார். அதில் எனக்குப் புரிந்தது 'பௌட்டன்' என்ற ஒரு சொல். காவல்காரன் தினமும் வாசலில் நாய்களைத் துரத்தச் சொல்கிற சொல் அது. வெளியே.

நியாயந்தான். கும்பிட்டுவிட்டு, மூட்டையை எடுத்துக்கொண்டு, குப்பம்மாள் முகத்தைப் பார்க்காமல் வெளியே வந்துவிட்டேன். கோட்டை வாசலில் நாய்கள் கூட எனக்கு ஒதுங்கி வழிவிட்டன.

மாமா, இதை இறங்கும் துறையிலிருந்து முன்னால் அனுப்பிவிட்டு, வெள்ளிக்கிழமை நடுப்பகலில், ஊர் சாப்பிட்டுக் கண்ணயரும் நேரமாகப் பார்த்து, களத்துமேட்டு வழியாக வருவேன். கேட்கிறவர்களிடம் எனக்குக் காய்ச்சல் என்று சொல்லவும். வேண்டாம், அதுவும் பொய். உள்ளதையே சொல்லிவிடவும். கோதண்டம் சித்தப்பா தன் கடைவாய்ப் பல்லை நான் வந்து பிடுங்குவதற்காக இரண்டு மாதமாக வலியோடு காத்து வைத்திருக்கிறார் என்று கேள்வி; அவரை மீஞ்சூர் வைத்தியரிடம் போகச் சொல்லவும். எனக்கென்று பேசி வைத்த லோகநாயகிக்கு வேறு நல்ல இடம் பார்ப்பதானால் நான் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டேன். ஏர் பிடிக்க இனிமேலாவது கற்றுக்கொள்கிறேன். மாடு எந்தப் பாஷையிலும் கேள்வி கேட்காது.

பெரியவர்களுக்கு நமஸ்காரமும் சிறியவர்களுக்கு அன்பும், என்னைப் பார்த்துச் சிரிக்கப் போகிறவர்களுக்கு முன்கூட்டியே மன்னிப்பும்.

தங்கள் தயவுக்குத் தகுதியில்லாத மருமகன்,
துளசிங்கம்

பின்குறிப்பு: இதை மடித்துக்கொண்டிருக்கையில் சூசையம்மாள் மூச்சிரைக்க வந்து நின்றாள்.

"யோவ், இன்னா பண்ணிக்கினு கீற இங்க?"

"வூட்டுக்குப் போறேன். விரட்டிட்டாரே."

"யாரு வெரட்டினா? வெளிய கெடங்குல எண்ணெ கீது, எடுத்துக்கினு வான்னு சொன்னாரு. நீ கும்புட்டுட்டு மூட்டையத் தூக்கிக்கினு போயிட்ட! அந்த மனுசன் எண்ணெ வரும் வரும்னு வாசலையே பாத்துக்கினு நின்னாரு. எண்ணெ எடுத்துனு வான்னா, இங்க குந்திக்கினு கடுதாசி எழுதுற!"

முள்ளை எடுத்துவிட்டார்களாம், ஆள்காட்டி விரல் நீளமாம். காய்ச்சல் இருக்கிறது, ஏழு நாள் போனால்தான் எதுவும் சொல்ல முடியும் என்கிறாராம் வைத்தியர். ஆனால் கால் காலாகவே இருக்கிறது. "ரம்பத்த ஒளிச்சாரே, அவரு எங்க?" என்று கண்ணப்பன் கேட்டுக்கொண்டே இருக்கிறாராம். குப்பம்மாள் கேட்பது வேறு; அவள் திட்டி முடிக்கவில்லையாம், பாக்கி இருக்கிறதாம். அதைக் கேட்டுக்கொள்ள நான் போகத்தான் வேண்டும்.

ஆகவே வெள்ளிக்கிழமை வரவில்லை. மேலே எழுதியது எல்லாம் தப்பு, லோகநாயகி சங்கதி முக்கியமாகத் தப்பு. படகு வந்துவிட்டது. ஏறுகிறாயா இல்லையா என்று படகுக்காரர் கேட்கிறார். இதைக் கிழித்து ஏரியில் போடலாம் என்றுதான் நினைத்தேன், மனம் வரவில்லை. ஆடி மாதத்திலிருந்து தங்களுக்கு எழுதிய கடிதங்களில் பொய் இல்லாதது இது ஒன்றுதான். நான் ஏறவில்லை, கடிதம் மட்டும் ஏறுகிறது.