மார்கழி முதல் மொய் கிடையாது

ஒத்தப்பனையூரில் மொத்தம் எண்பத்தாறு வீடுகள். எண்பத்தாறும் கடனில் இருந்தன. வட்டிக்குக் கொடுக்கும் வீரையா வீடும் அதில் சேர்த்தி. அவர் ராமநாதபுரத்தில் இரண்டு வட்டிக்கு வாங்கி ஊருக்குள் ஐந்து வட்டிக்கு விட்டுக்கொண்டிருந்தார். இதைப் பற்றி ஊரில் யாருக்கும் தனியாக வருத்தம் என்று ஒன்றும் கிடையாது. மழை பெய்யாதது மாதிரி, பஸ் வராதது மாதிரி, கடனும் ஒன்று.

வருத்தம் வந்தது வீரலட்சுமிக்கு. அவள் பொருளாதாரம் எம்.ஏ. இரண்டாம் ஆண்டு. ஊரைத் திருத்த அந்தத் தகுதி போதும் என்று அவளுக்குப் பல்கலைக்கழகத்தில் யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

ஐப்பசி விடுமுறைக்கு வந்தவள் வீடு வீடாகப் போய் விசாரித்தாள். ஊர் கடன்பட்டது சோற்றுக்கோ மருந்துக்கோ இல்லை, மொய் வைக்கும் செய்முறைக்கு என்று தெரிந்தது. ஒருவன் ஐந்நூறு வைத்தால் அவன் விசேஷத்துக்கு ஆயிரமாகத் திருப்பி வைக்க வேண்டும். கையில் இல்லாவிட்டால் வீரையா இருக்கிறார்.

"அய்யா, இது செய்முறை இல்ல, செய்வினை" என்றாள் அப்பா பூமிநாதனிடம்.

"வைக்காம வந்தா மைக்குல பேர் வராதுத்தா" என்றார் அவர்.

அவளுக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் அவள் மனு எழுதுவாள். மாவட்டச் சிக்கனப் பழக்க மேம்பாட்டுத் திட்ட அலுவலகத்துக்கு நாலு பக்கத்தில் ஒன்று எழுதிப் போட்டாள். பொதுவாக மனுக்களுக்கு என்ன கதி என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் இந்த அலுவலகம் திறந்து எட்டு மாதமாகியும் ஒரு மனுகூட வராமல் இருந்ததால், அடுத்த வாரமே ஜீப் வந்துவிட்டது.

ஜீப்பிலிருந்து அலுவலர் சேதுராமன் இறங்கினார். ராமேஸ்வரத்தில் ஏசி லாட்ஜில் மூன்று நாள் சிக்கனப் பயிற்சி முடித்துவிட்டு நேரே வந்திருந்தார். பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் ஊர் கூடியது.

"பொதுமக்களுக்கு இதனால் தெரிவிக்கப்படுவது யாதெனில்," என்று வாசித்தார், "எதிர்வரும் மார்கழி முதல் தேதியிலிருந்து இக்கிராமத்தில் இல்ல விழாக்களும், இக்கிராமத்தார் எவ்விடத்தும் மேற்கொள்ளும் மொய் நடவடிக்கைகளும் முற்றிலும் தவிர்க்கப்பட்டு, மேற்படி கிராமம் கடனற்ற முன்மாதிரிக் கிராமமாக அறிவிக்கப்படும்."

"சார், மார்கழியில எப்பவுமே யாரும் விசேஷம் வைக்க மாட்டாங்களே?" என்றாள் வீரலட்சுமி.

"அதனாலதாம்மா அதத் தேர்ந்தெடுத்தோம். முதல் மாச அறிக்கையில நூறு சதவீத வெற்றி காட்டணும்ல?"

ஊர் கைதட்டியது. தட்டி முடித்ததும் அவளுடைய தாய்மாமன் மலையாண்டி எழுந்தார்.

"நல்ல திட்டம் சார். இம்புட்டு நாளா நான் ஊருக்கு வச்ச மொய்யி இருக்கே, அது எந்தக் கணக்குல போகும்?"

அலுவலர் ஆணையைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெற்றாக இருந்தது.

"மார்கழிக்கு முன்னால வசூல் பண்ணிக்கிறதுல அரசுக்கு ஆட்சேபணை இல்ல" என்றார்.

அன்று சாயங்காலமே பந்தல்காரரிடம் வரிசை நின்றது.

கார்த்திகை பிறந்தது. முதல் முகூர்த்தத்தில் மலையாண்டிக்குக் காது குத்தினார்கள். அவருக்கு வயது ஐம்பத்தெட்டு. சின்ன வயதில் குத்திய ஓட்டை தூர்ந்துபோய்விட்டதால் இது செல்லும் என்று பெரியவர்கள் கூடித் தீர்மானித்தார்கள். மச்சினன் மடியில் அவர் உட்கார, மச்சினனுக்கு நாலு நாள் இடுப்புப் பிடிப்பு. ஒருவர் அரசாங்க மானியத்தில் கட்டிய கக்கூசுக்குப் புதுமனை புகுவிழா வைத்து, கூட்டத்தோடு குத்துவிளக்கேற்றினார். அடுத்த தெரு சோணையம்மாள் தன் எருமைக்கு வளைகாப்பு நடத்தினாள். ஒவ்வொன்றுக்கும் ரேடியோ செட், கிடா விருந்து, ஆள் உயரத்துக்கு ஃபிளெக்ஸ். எருமை ஃபிளெக்ஸில் நன்றாகவே விழுந்திருந்தது.

சேதுராமன் ஒரு விழாவையும் விடவில்லை. எல்லாருக்கும் முன்னால் சாப்பிட்டு, மைக்கை வாங்கிச் சிக்கனம் பற்றிப் பத்து நிமிடம் பேசினார். அலுவலகத்தில் அது விழிப்புணர்வு முகாம் என்று பதிவாகி, பந்தல் செலவும் சாப்பாட்டுச் செலவும் பில் போட்டு அவர் கைக்குக் காசாக வந்தன. சும்மா சாப்பிடுவது முறையில்லை என்று போன இடமெல்லாம் நூற்றியொரு ரூபாய் மொய்யும் வைத்தார். அதற்கு மட்டும் பில் இல்லை.

பூமிநாதன் எல்லா வீட்டுக்கும் மொய் வைத்தார். வைக்க வைக்க வீரையாவிடம் போனார். ஒருநாள் வீரையாவே வீட்டுக்கு வந்து நின்றார்.

"ஏலே பூமி, மார்கழிக்கு மேல ஊருல காசுப் பொழக்கம் இருக்காதுங்குறாக. மாசம் பிறக்கையில அசலை எண்ணி வச்சிரு. இல்லாட்டி ஊரணிக்கரை வயலை எழுதிக் குடுத்துரு."

இருந்தது அந்த ஒரு வயல்தான்.

அவர் போனதும் அம்மா பாண்டியம்மாள் மகள் பக்கம் திரும்பினாள்.

"சட்டம் கொண்டாந்தவளே, சொல்லு. உனக்குக் காது குத்தியாச்சு. கல்யாணம்னா வேணாங்குற. வீடும் கட்டல, மாடும் சினையா இல்ல. ஊரெல்லாம் போட்டத அள்ளிட்டுப் போயிருச்சு. நம்ம எதச் சொல்லிப் பந்தல் போட?"

"வயல் போகக்கூடாதும்மா. அதுக்காக..."

"உனக்கு இன்னும் சடங்கு சுத்தல."

வீரலட்சுமிக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"நீ ஆளான வருசம் மழை தண்ணி இல்ல. தலைக்கு ஊத்துனதோட சரி. பாக்கி அப்படியே நிக்கிது."

"அம்மா, எனக்கு இருபத்திரண்டு வயசு!"

"மாமாவுக்கு அம்பத்தெட்டு."

"இது பெண்ணடிமைத்தனம். எவ்வளவு கட்டுரை எழுதியிருக்கேன் தெரியுமா?"

"எழுது, வேணாங்கல. உக்காந்து எந்திரிச்சதும் எழுது."

இரண்டு நாள் வாதாடினாள். மூன்றாம் நாள் போய் வயலைப் பார்த்துவிட்டு வந்தாள். ஃபிளெக்ஸுக்கு என்று அடையாள அட்டையை எடுத்து அம்மாவிடம் கொடுத்தாள்.

கார்த்திகையின் கடைசி முகூர்த்தம் அவர்களுக்குக் கிடைத்தது. பல்கலைக்கழக அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கி, இருபக்கமும் அன்னப்பறவை வைத்து, 'பூப்புனித நீராட்டு விழா, செல்வி வீரலட்சுமி எம்.ஏ. (பொருளாதாரம்)' என்று ஃபிளெக்ஸ் அடித்திருந்தார்கள். மாலையும் கழுத்துமாக அவள் நாற்காலியில் உட்கார்ந்திருக்க, சேதுராமன் மைக்கைப் பிடித்தார். "சிக்கனத் திட்டத்துக்கே வித்திட்ட சகோதரி இப்போது சிக்கனம் பற்றி உரையாற்றுவார்." அவளும் ஐந்து நிமிடம் பேசினாள். நன்றாகத்தான் பேசினாள்.

இதுதான் கடைசி மொய் என்பதால் ஊர் கஞ்சத்தனம் பார்க்கவில்லை. வாங்கியதையெல்லாம் திருப்பி வைத்து, மேலேயும் அள்ளி வைத்தது. மார்கழி முதல் தேதி வீரையாவின் கடன் முழுசாக அடைந்தது. வயல் தப்பியது.

"பாத்தீங்களா அய்யா, கடனில்லாத குடும்பம்!" என்றாள் வீரலட்சுமி.

பூமிநாதன் அவளை இரக்கத்தோடு பார்த்தார். "ஏத்தா, வந்ததுல பாதிதான் நாம வச்சது. மிச்சம் அவுக புதுசா வச்சது. அவுக விசேஷத்துக்கு அத நாம திருப்பணும்ல? மேல கொஞ்சம் சேத்து."

"எத்தனை வீட்டுக்கு?"

"எத்தனையா? ஊருக்கே."

அவள் கணக்குப் போட்டாள். நேற்றுவரை ஒரு வீரையாவுக்குத்தான் பயம். இன்றைக்கு ஊரே வீரையா. தலை சுற்றிச் சுவரைப் பிடித்தவளுக்கு, திடீரென்று ஒன்று விளங்கியது.

"இனிமே விசேஷமே கிடையாதே அய்யா. திருப்பி வைக்க எங்க போக?"

தான் எழுதிய மனு எவ்வளவு அருமையான மனு என்று அவளுக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

அள்ளி வைத்தது இனித் திரும்பாது என்று ஊருக்கும் புரிய ஒரு மாதமாயிற்று. மார்கழிக் கடைசியில் வேப்பமரத்தடியில் மறுபடி கூட்டம். நூறு சதவீத வெற்றி என்று அறிக்கை வாசித்துக் கைதட்டு வாங்கிய சேதுராமன், தொண்டையைச் செருமினார்.

"மக்களின் உணர்வுகளுக்கு மதிப்பளித்து, தை முதல் தேதியிலிருந்து மேற்படித் தடைக்கு இடைக்காலத் தளர்வு வழங்க உத்தேசிக்கப்பட்டுள்ளது." பையிலிருந்து மஞ்சள் தடவிய பத்திரிகைக் கட்டை எடுத்தார். ராமநாதபுரத்தில் அவர் கட்டிய வீட்டுக்குத் தை ஒன்பதில் கிரகப்பிரவேசம். போன இடமெல்லாம் வைத்த நூற்றியொன்று அவரையும் தூங்கவிடவில்லை.

ஊர் ஆரவாரித்தது. மலையாண்டி விசிலடித்தார்.

வீரலட்சுமி எழுந்தாள்.

"கூடாது! தளர்வே கூடாது! ஒரு தடவ வழி விட்டா பழைய குழியில போய் விழுவோம். கட்டுப்பாடு வேணாமா? ஒரு தலைமுறையாவது விழிச்சுக்க வேணாமா? தடையக் காலத்துக்கும் நீட்டிக்கச் சொல்லி நான் கலெக்டருக்கு மனுப் போடுவேன். கோர்ட்டுக்குப் போவேன்!" குரல் உடைந்து கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பூமிநாதன் வேப்பமரத்து உச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த வயதில் என்ன கொள்கைப் பிடிப்பு!" என்று நெகிழ்ந்துபோனார் அலுவலர்.

சோணையம்மாள் வாயிலிருந்த வெற்றிலையை ஓரமாகத் துப்பிவிட்டு, அவள் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தாள்.

"அழாத ஆத்தா. ஐப்பசியில நீ பேசுனப்ப ஒண்ணும் வெளங்கல, ஏதோ படிச்ச புள்ள பேசுதுன்னு இருந்தோம். இன்னைக்குத்தான் வீட்டு மொய்க் கணக்கப் பாத்து, வாய் தொறந்து எங்க ஊருக்காரி மாதிரிப் பேசுற."