டேங்க் மூடி முனி

குந்தாரப்பள்ளிச் சந்தைக்கு மாடு பிடிக்க வந்தவர்கள் அந்த வாரம் மாட்டின் பல்லைப் பார்க்கவில்லை. இஞ்சின் சாமியாரின் வாயைப் பார்த்தார்கள். அவர் வாயைத் திறந்து ஊதினால் நின்றுபோன இஞ்சின் ஓடுமாம். சூளகிரியில் ஒரு லாரி ஓடியதாம், எங்கேயோ ஒரு பம்புசெட்டு ஓடியதாம். கதைகள் முன்னால் வந்தன, சாமியார் பின்னால் வந்தார். அமெரிக்காக்காரன் நிலாவில் இறங்கிக் கல் பொறுக்கிக்கொண்டு திரும்பிய வருஷம் அது. நம்மவர்கள் அந்தச் சேதியை டீக்கடை ரேடியோவில் கேட்டுத் தலையாட்டிவிட்டு, பம்புசெட்டுக்கு எலுமிச்சம்பழம் கட்டப் போனார்கள்.

சாமியார் மந்திரத்தில் மகா கெட்டிக்காரர். தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் புழங்குகிற சீமை இது. தமிழ்க்காரர் வந்தால் தெலுங்கில் முணுமுணுப்பார். தெலுங்குக்காரர் வந்தால் கன்னடத்தில் முணுமுணுப்பார். மூன்றும் தெரிந்தவர் வந்துவிட்டால் அன்றைக்கு மௌனவிரதம்.

அந்தச் சந்தைத் திடலில்தான் எக்ஸ்ரே வண்டி வந்து நின்றது. காசநோய் பார்க்க ஊர் ஊராகப் போகும் பெரிய வண்டி. உள்ளே கட்டில், ஸ்டவ், பாத்திரம் கழுவத் தொட்டி, ஒரு பக்கம் எக்ஸ்ரே மிஷின். பின்பக்கப் பெட்டியில் அந்த மிஷினுக்குக் கரண்டு கொடுக்கும் பெட்ரோல் ஜெனரேட்டர். வண்டியை ஓட்டுவது ராயப்பன். படம் எடுப்பது அவன் மனைவி, நர்ஸ் ஆரோக்கியசெல்வி. இருவருக்கும் வீடும் அதுதான், வேலையும் அதுதான்.

ராயப்பன் கழுத்தில் மாதா சுரூபம் தொங்கும். வண்டிக்கு முன்னால் எலுமிச்சம்பழமும் மிளகாயும் தொங்கும். இரண்டு கம்பெனியிலும் இன்சூரன்ஸ் எடுத்துவைத்த மனிதன். ஆகவே வண்டி வந்து நின்றதும் சாமியார் சந்தனக் கிண்ணத்தோடு எதிரே வந்தபோது அவன் மறுப்புச் சொல்லவில்லை.

"இது முனி எல்லை. பொட்டு வைக்காம இங்க எந்த மிஷினும் ஓடாது" என்றார் சாமியார்.

விளக்குக்கு ஒரு பொட்டு, சக்கரத்துக்கு ஒரு பொட்டு. கடைசியில் பின்பக்கம் போய், ஜெனரேட்டரின் பெட்ரோல் டேங்க் மூடியில் கட்டைவிரலால் அழுத்தி ஒரு பெரிய பொட்டு. சந்தனத்தின் மேல் குங்குமம். ஆரோக்கியசெல்வி வண்டிக் கதவில் சாய்ந்து நின்று பார்த்தாள். வண்டிக்கு இவ்வளவு அலங்காரம் செய்கிற ஊர், குழந்தைகளுக்கு மூக்குச் சளியைத் துடைத்துவிடக் கூடாதா என்று நினைத்துக்கொண்டாள்.

ஜெனரேட்டர் ஓடியது. இரண்டு பேருக்குப் படம் எடுப்பதற்குள் விக்கி, இருமி, நின்றது.

ராயப்பன் குச்சி விட்டுப் பெட்ரோல் பார்த்தான், நிறைய இருந்தது. கிளப்பினான், ஓடியது, மறுபடி நின்றது. பிளக்கைக் கழற்றித் தேய்த்தான். கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவினான். பெட்ரோலை வேட்டித் துணியில் வடிகட்டினான். இஞ்சினில் அவன் கை படாத இடம் ஒன்றே ஒன்றுதான். சாமி வைத்த பொட்டு. மூடியைத் திறக்கும்போதுகூட அது கலையாமல் ஓரமாகப் பிடித்துத் திறந்தான். பக்தி என்றால் அப்படி இருக்க வேண்டும்.

"நான் ஓட்டிப் பாக்காத இஞ்சினா? இது வேற ஏதோ சமாச்சாரம் செல்வி" என்றான்.

"என்னா சமாச்சாரம்?"

"அதான் சாமி சொன்னாரே. முனி எல்லைன்னு."

சொல்லி வாய் மூடவில்லை, சாமியார் வந்துவிட்டார். மூக்கில் வேர்த்திருக்கும் போல. கற்பூரம் கொளுத்தினார். டேங்க் மூடியை மெல்லத் திருகினார். 'உஸ்' என்று ஒரு சத்தம்.

"கேட்டீங்களா? முனி பெருமூச்சு விடறான்" என்றார்.

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. சாமியார் டேங்குக்குள் ஊதினார், மூடினார், பொட்டை இன்னும் தடிமனாக அப்பினார். ராயப்பன் கயிற்றை இழுத்தான். ஜெனரேட்டர் ஓடியது. கும்பிட்ட கைகள் இறங்குவதற்குள் நாலு படம் எடுக்க முடிந்தது. பிறகு நின்றது.

"பசி அடங்கல" என்றார் சாமியார்.

அதற்கப்புறம் நடந்தது வெட்கக்கேடு. எக்ஸ்ரே வண்டி யாரிடமும் காலணா வாங்காது. ஆனால் முனி வாங்கினார். கோழி கொடுத்தவனுக்காகச் சாமியார் ஒரு தரம் ஊதினார், இஞ்சின் ஓடியது, அவனுக்குப் படம். அரிசி கொடுத்தவனுக்கு அடுத்த படம். ஒன்றும் இல்லாதவன் புளியமரத்தடியில் உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தான். வியாதியின் வரிசையை மாற்றி, கோழியின் வரிசையில் ஆளை நிறுத்திவிட்டார் மனிதர்.

மரத்தடியில் இருந்தவர்களில் ஒருவன் கரியப்பன், கூலியாள். துண்டில் ரத்தம் துப்பி மடித்து மடித்து மறைத்துக்கொண்டிருந்தான். மறுநாள் காலையில் வண்டி ஊத்தங்கரைக்குப் போயாக வேண்டும். இன்றைக்குப் படம் எடுக்காவிட்டால் திரும்ப இந்தப் பக்கம் வண்டி வருவதற்குள் கரியப்பன் இருப்பானோ, இல்லையோ. அது ஆரோக்கியசெல்விக்குத் தெரியும். அவன் பெண்சாதி மாரம்மாவுக்கும் தெரியும். அதனால்தான் அவள் வீட்டுக்கு ஓடி, இருந்த ஒரே ஆட்டைப் பிடித்துக்கொண்டு வந்தாள். பால் கறக்கிற ஆடு.

"எங்கம்மா ஓட்டிக்கினு போற?" என்று வழிமறித்தாள் ஆரோக்கியசெல்வி.

"சாமி கேட்டாருங்க நர்ஸம்மா. ஆடு குடுத்தா சாயங்காலம் வரைக்கும் நிக்காம ஓடுமாம்."

"உன் வூட்டுக்காரரு வயித்துக்கு என்னா போவுது?"

"இந்த ஆட்டுப் பால்தாங்க. கஞ்சி எறங்கமாட்டேங்குது."

நோயாளியின் பாலைப் பிடுங்கி நோயைப் பார்ப்பதாம். எமன்கூட இவ்வளவு கணக்காக வரமாட்டான். "கொஞ்சம் இரு" என்று சொல்லிவிட்டு ஆரோக்கியசெல்வி ஜெனரேட்டர் பக்கம் போனாள். அவளுக்கு இஞ்சின் தெரியாது. ஆனால் அந்த 'உஸ்' சத்தம் காலையிலிருந்து காதைவிட்டுப் போகவில்லை. பெருமூச்சு வெளியே அல்லவா வரும்? மூடி திறக்கும்போது கற்பூரப் புகை உள்ளே அல்லவா போயிற்று?

ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் பாட்டிலைத் தலைகீழாகத் தொங்கவிடும்போது இரண்டு ஊசி குத்துவாள். ஒன்று மருந்து இறங்க, ஒன்று காற்று ஏற. காற்று ஊசி அடைத்துக்கொண்டால் பாட்டில் நிறைய மருந்து இருந்தாலும் ஒரு சொட்டு இறங்காது. அதற்காக எந்த நர்சும் கோழி அறுத்ததில்லை. அவள் குனிந்து மூடியைப் பார்த்தாள். நடுவில் சந்தனம் காய்ந்து தடித்துக் கிடந்தது.

"சாமி, இந்தத் தடவை பொட்டை இஞ்சின் மேல வைங்க. மூடியில வேணாம்" என்றாள்.

சாமியார் முகம் மாறியது. "அது ஆவாது. மூடிதான் முனிக்கு நெத்தி."

"அப்ப இஞ்சின்?"

"அது ஒடம்பு."

"ஒடம்புல வச்சா ஏத்துக்கமாட்டாரா? நீங்ககூட ஒடம்பெல்லாம் பூசியிருக்கீங்க."

கூட்டத்தில் யாரோ சிரித்து, பயந்து, இருமலாக மாற்றிக்கொண்டான். ஆரோக்கியசெல்வி புடவைத் தலைப்பால் பொட்டை அழுத்தித் துடைத்தாள். ராயப்பன், "வேணாம் செல்வி, தெய்வக் குத்தம்" என்று கையைப் பிடித்தான்.

"கைய விடுங்க. குத்தம் வந்தா என்னத்தான பிடிக்கும்? உங்களுக்குத்தான் ரெண்டு சாமி காவல் இருக்குதே."

சந்தனத்துக்கு அடியில் கடுகளவு ஒரு ஓட்டை இருந்தது, அடைபட்டு. அவள் ஊசி மருந்துப் பெட்டியிலிருந்து ஓர் ஊசியை எடுத்துக் குத்தினாள். மஞ்சளும் சிவப்புமாக ஒரு கட்டி வந்தது. "இழுங்க" என்றாள். ராயப்பன் மாதாவையும் முனியையும் ஒருசேர நினைத்துக்கொண்டு கயிற்றை இழுத்தான்.

ஓடியது. ஓடிக்கொண்டே இருந்தது. முதலில் கரியப்பனை உள்ளே கூப்பிட்டாள். அப்புறம் மரத்தடியில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். கடைசி ஆளுக்குப் படம் எடுத்து முடித்து அவள் வெளியே வந்தபோதும் இஞ்சின் நிற்கவில்லை. ஊதல் இல்லை, கற்பூரம் இல்லை, கோழி இல்லை.

சாமியார் சும்மா இருப்பாரா? "இப்பத்தான் முனிக்கு மனசு எறங்குச்சு. நான் காலையில வேண்டிக்கிட்டது" என்றார். பத்துப் பேர் அதற்கும் தலையாட்டினார்கள். கழுத்து இருப்பதே ஆட்டத்தான் என்று நினைக்கிற பத்துப் பேர் எந்த ஊரிலும் உண்டு.

ஆரோக்கியசெல்வி வண்டிக்குள் போய் மண்ணெண்ணெய் டின்னை எடுத்து வந்து மாரம்மாவிடம் கொடுத்தாள். மேலே இரண்டு ஓட்டை போட்ட டின். "சாய்ச்சு ஊத்து" என்றாள். கொடகொடவென்று ஊற்றியது. "இப்ப மேல் ஓட்டையில விரல வை." மாரம்மா வைத்தாள். ஒழுகல் மெலிந்து, சொட்டி, நின்றது.

"உங்க வூட்டு டின்னுலயும் ரெண்டு ஓட்டைதான?"

"ஆமாங்க. ஒண்ணு இருந்தா எறங்காதே."

"ஏன், அதுலயும் முனி இருக்குறாரா?"

மாரம்மா டின்னைப் பார்த்தாள். சாமியாரைப் பார்த்தாள். டின்னைக் கீழே வைத்துவிட்டு, சாமியாரின் கிண்ணத்திலிருந்தே சந்தனத்தை வழித்து, ஓடிக்கொண்டிருந்த ஜெனரேட்டரின் மூடியில் அப்பினாள். கொஞ்ச நேரத்தில் இஞ்சின் விக்கியது, இருமியது, நின்றது. அவள் மூடியைத் திறந்தாள். 'உஸ்.' முந்தானையால் துடைத்து, ஊசியால் குத்தி மூடினாள். ராயப்பன் கயிறு இழுத்தான். ஓடியது.

"ஒரு பொம்பள வெரலுக்கு வந்து வந்து போவுதே, இது முனியாங்க?" என்று கூட்டத்தைக் கேட்டாள்.

கூட்டம் சாமியார் பக்கம் திரும்பியது. ஆரோக்கியசெல்வி ரொம்ப இரக்கமான குரலில் சொன்னாள். "பாவம், அவரத் திட்டாதீங்க. இஞ்சினப் பத்தி ஒண்ணுந் தெரியாதவரு. மூடியில ஓட்டை இருக்குறதே தெரியாம வச்சிருப்பாரு."

அது தாங்கவில்லை சாமியாருக்கு. திருடன் என்று சொல்லியிருந்தால் பொறுத்திருப்பார்.

"எனக்கா இஞ்சின் தெரியாது? பெங்களூர் லாரியில கிளீனரா இருந்து மூடி மூடியாத் தொடச்ச கை இது. எந்த மூடியில எங்க ஓட்டைன்னு கண்ணக் கட்டிக்கினு சொல்லுவன்."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் எல்லாருக்கும் புரிகிற பாஷையில் சொல்லித் தொலைத்திருந்தார்.

கோழி கொடுத்தவர்கள் கோழியைக் கேட்டார்கள். தின்ற கோழியை எப்படிக் கொடுப்பார்? கிண்ணத்தையும் விட்டுவிட்டுக் கிருஷ்ணகிரி பஸ்ஸில் ஏறி ஓடினார். பஸ் வழியில் எங்கும் நிற்காமல் போய்ச் சேர்ந்ததாம். அதற்கு அவர் பொட்டு வைக்க நேரமில்லை.

கரியப்பனின் படத்தில் நெஞ்சில் இரண்டு இடத்தில் பழுது தெரிந்தது. கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்து, "மாத்திரை சும்மாவே குடுப்பாங்க. பாலை நிறுத்திடாத" என்றாள் ஆரோக்கியசெல்வி. மாரம்மா ஒரு கையில் புருஷனையும் மறு கையில் ஆட்டையும் பிடித்துக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றாள்.

மறுநாள் ஊத்தங்கரை எல்லையில் வேறொரு காவி வேட்டி கிண்ணத்தோடு கை காட்டியது. ராயப்பன் வண்டியை மெதுவாக்கினான். பக்கத்தில் இருந்த பெண்சாதியின் முகத்தைப் பார்த்தான். பிறகு ஆக்சிலேட்டரை மிதித்தான்.

பொட்டு வைக்காதீர்கள் என்று யாரும் உங்களிடம் சொல்லவில்லை. நெற்றி உங்களுடையது, தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள். டேங்க் மூடியில் வைத்தால் இஞ்சின்தான் நிற்கும், ஓர் ஊசியால் குத்திச் சரிசெய்துவிடலாம். மூளையை அடைத்துக்கொண்டால் குத்துவதற்கு எந்த நர்சிடமும் ஊசி கிடையாது.