மஞ்சள் மாஸ்டரும் இரண்டு விசில் பருப்பும்

செய்த தவறை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பருப்பு சீக்கிரம் வேகவேண்டும் என்பதற்காக நான் ஒரு மரத்தைப் பாதி கொன்றேன். கேட்டபோது ஒரே வார்த்தையில் பொய்யும் சொன்னேன். மரம் ஒன்றரை அடி உயரம்தான், பொய் அதைவிடச் சின்னது. ஆனால் அந்தப் பொய், காஞ்சிபுரத்திலேயே மிக நல்ல இரண்டு கண்களை நாற்பது நாள் குருடாக்கி வைத்தது.

அந்தக் கண்களுக்குச் சொந்தக்காரரை ஊரில் மஞ்சள் மாஸ்டர் என்பார்கள். பட்டு நூலுக்குச் சாயம் போடுபவர். செவிலிமேட்டில் எனக்குப் பக்கத்து வீடு. மஞ்சள் நிறத்தைப் பொறுத்தவரை சூரியனுக்கு அடுத்த அதிகாரம் அவர்தான். சூரியனையே ஒருமுறை குறை சொல்லியிருக்கிறார். "இன்னிக்கி கொஞ்சம் வெளுத்தாப்புல இருக்குது சார்."

சட்டைப் பையில் எப்போதும் ஒரு கம்பி வளையம் வைத்திருப்பார். அதில் சாவிக்கொத்து போல முப்பத்திரண்டு பட்டு நூல் முடிச்சுகள். முப்பத்திரண்டும் மஞ்சள். எலுமிச்சை, தாழம்பூ, சாமந்தி, மாம்பழம் என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு. கல்யாணப் பந்தியில் கேசரி விழுந்தால் வளையத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் கை வைப்பார். ஒருநாள் பேருந்தில், முன்பின் தெரியாத கண்டக்டரின் முகத்தருகே வளையத்தைப் பிடித்து, "தம்பி, கண்ணுல எலுமிச்சை எறங்கியிருக்குது. இன்னிக்கே ரத்தம் டெஸ்ட் பண்ணிடுபா" என்றார். கண்டக்டர் சண்டைக்கு வந்தார். மாதம் ஒன்று கழித்து, மஞ்சள் காமாலை தீர்ந்து, ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு அவர் வீடு தேடி வந்தார். மாஸ்டர் பழத்தோலையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் வாங்கிக்கொண்டார்.

பெங்களூரில் இருக்கும் மகள் அவருடைய அறுபதாம் கல்யாணத்துக்கு ஒரு போன்சாய் மரம் கொடுத்தாள். ஜூனிபர் என்ற ஊசியிலை மரம். தட்டையான தொட்டியில், பெருங்காற்றுக்குச் சாய்ந்து கொடுத்த மாதிரி நிற்கும். அதன் முன்னால் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு என்னிடம் வந்தார்.

"நாப்பது வருஷமா பச்சை போட்டுக்கினு இருக்கேன் சார். இந்தப் பச்சை ஒருவாட்டிகூட என் தொட்டில விழல."

அன்றிலிருந்து அந்தப் பச்சை எப்போதெல்லாம் மஞ்சளாகும், ஏன் ஆகும் என்பதே அவர் ஆராய்ச்சி. இரண்டே வருடத்தில் ஊரில் போன்சாய் வளர்க்கும் அத்தனை பேரும் ஞாயிறு காலையில் தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். மொட்டைமாடிதான் ஆஸ்பத்திரி.

"மஞ்சள் எங்க? உள்பக்கமா, நுனியிலயா? பழைய தழையா, புதுசா?" இதுதான் முதல் கேள்வி. பதில் சொல்லத் திணறினால், "மரத்தப் பாக்காமலே எதுக்கு வளக்குறீங்க?" என்பார்.

ஒரு வங்கி மேலாளரம்மா அழாத குறையாக வந்தார். கிளையின் உள்பக்கத்தில், தண்டை ஒட்டிய பழைய தழை மட்டும் பழுத்திருந்தது. வளையத்தைப் பிடித்துப் பார்த்த மாஸ்டர் கேட்டார்: "காலையில தல வாரினா சீப்புல முடி வருதாமா?"

"வரும்."

"அதுக்கு ஆஸ்பத்திரி போறீங்களா? பழசு உதிருது. எடுத்துப் போட்டுட்டு வெயில் படுற மாதிரி வைங்க."

ஒரு பட்டுக் கடைக்காரரின் மரத்தில் தழையெங்கும் பொடி தூவியதுபோல மஞ்சள் புள்ளி. மாஸ்டர் ஒரு வெள்ளைத் தாளை அடியில் பிடித்துக் கிளையைத் தட்டினார். தூசி விழுந்தது. தூசி நடந்தது. "பாத்துக்குங்க, உங்க கடையவிட இங்க கூட்டம். சிலந்திப் பேன். கொழாத் தண்ணிய வேகமா வுட்டு அலசுங்க."

முடிவு தெரியாவிட்டால் தொட்டி மண்ணில் விரலை வைத்து நாக்கில் தடவிக்கொள்வார். முதல்முறை வருகிறவர்கள் இரண்டடி பின்வாங்குவார்கள். சாயக்காரருக்கு அது பழக்கம். தண்ணீரின் குணம் தெரியாமல் சாயம் போட்டால் நிறம் பிடிக்காது என்பதால், நாற்பது வருடமாகத் தண்ணீரை ருசி பார்த்தே வேலை செய்தவர்.

மகளின் பிரசவத்துக்காக மாஸ்டரும் மனைவியும் மூன்று மாதம் பெங்களூர் போனார்கள். மரத்தை என்னிடம் ஒப்படைத்தார். மாடியில் மூன்று நீல டிரம்கள் நிறைய மழைத்தண்ணீர் இருந்தது.

"இது மட்டுந்தான் சார். நம்ம போர் தண்ணி ஒரு சொட்டு பட்டாலும் இதுக்கு ஆவாது. சுண்ணாம்பு. உங்களுக்கு நான் சொல்லணுமா?"

சொல்ல வேண்டியதில்லை. நான் முப்பத்தொரு வருடம் பள்ளிக்கூடத்தில் வேதியியல் நடத்தியவன். கடின நீர், மென்னீர் பாடத்தைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன்.

இரண்டாவது வாரம் எங்கள் வீட்டில் பருப்பு வேகவில்லை. எங்கள் போர் தண்ணீரில் ஏழு விசிலுக்கும் அசராத பருப்பு. ஒரு சோதனைக்காக நானே ஒரு சொம்பு மழைத்தண்ணீர் கொண்டுவந்து என் மனைவியிடம் கொடுத்தேன். "ரெண்டே விசில்! வெண்ணெயா கரைஞ்சி கெடக்குது பாருங்க!" என்றாள். மறுநாள் ஒரு குடம் எடுத்தேன். அதற்கடுத்த நாள் அந்தத் தண்ணீரில் சோப்பு எப்படி நுரைக்கிறது என்று பார்க்கும் ஆசை வந்தது. மாசி முடிவதற்குள் டிரம்கள் காலி. மரத்துக்குப் போர் தண்ணீரை ஊற்றினேன். தினமும், தவறாமல், மிகுந்த பொறுப்போடு ஊற்றினேன்.

மாஸ்டர் திரும்பி வந்து, பெட்டியைக்கூட இறக்காமல் மாடிக்கு ஓடினார். நானும் பின்னால் போனேன். வளையத்தை எடுத்தார், நான்காவது முடிச்சில் நிறுத்தினார்.

"பழசு பச்சையா இருக்குது, புதுசு மட்டும் வெளுத்திருக்குது. இது தண்ணி மஞ்சள் சார்." காலி டிரம்களை எட்டிப் பார்த்தார். "டிரம் தண்ணிதானே ஊத்தினீங்க?"

"ஆமா" என்றேன்.

அவ்வளவுதான். அவர் முகத்தில் சந்தேகத்தின் நிழல்கூட விழவில்லை. "கெமிஸ்ட்ரி சாராச்சே, நீங்க தப்பு பண்ணுவீங்களா" என்று சொல்லிவிட்டு, மண்ணைத் தொட்டு நாக்கில் வைத்தார். நெற்றி சுருங்கியது.

"உப்பு கரிக்குது. அதெப்படி? மழத்தண்ணில ஏது உப்பு?" இன்னொரு முறை தொட்டு நாக்கில் வைத்துவிட்டுச் சொன்னார்: "பெங்களூர்ல சளி புடிச்சிது. நாக்கு செத்துப் போயிருக்கும்."

அதன் பிறகு நடந்ததெல்லாம் வேறு யாருக்கு நடந்திருந்தாலும் சிரித்திருப்பேன். உண்மையான ஒரே காரணத்தை என் வார்த்தை அடைத்துவிட்டதால், உலகத்தில் உள்ள மற்ற எல்லாக் காரணங்களையும் மாஸ்டர் விசாரித்தார். பேன் தேடித் தேடி வெள்ளைத் தாள் தீர்ந்தது. எதிர்வீட்டு ஏசியின் சூடான காற்றைச் சந்தேகித்து நடுவில் போர்வை கட்டினார். செல்போன் கோபுரத்துக்கு முதுகு காட்டும்படி மரத்தைத் திருப்பி வைத்தார். வேர் அழுகலோ என்று தொட்டியின் ஓட்டையை மோந்து பார்த்தார். வெயில் தாங்கவில்லையோ என்று, பகலெல்லாம் குடை பிடித்துக்கொண்டு அதன் பக்கத்தில் உட்கார்ந்தார். குடை மரத்துக்கு, வெயில் இவருக்கு. டிரம் காலி என்பதால் கேன் தண்ணீர் வாங்கி ஊற்றினார். ஆனால் மண்ணில் ஏறியிருந்த சுண்ணாம்பு அப்படியே இருந்தது. இடது பக்கப் பெரிய கிளை பழுப்பாகத் தொடங்கியது.

ஒரு ஞாயிறு, தொட்டியோடு வந்தவர்களைப் படியிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பினார். "வேற யார்னா நல்லவங்களா பாருங்கபா. எனக்கு மஞ்சள் தெரியல."

பெரிய காஞ்சிபுரத்துப் பட்டுக் கடை ஒன்றிலிருந்து, கல்யாணப் புடவைக்கு நிறம் பொருந்துகிறதா என்று கேட்டு ஆள் வந்தது. அவரையும் அனுப்பிவிட்டார். கண் ஆஸ்பத்திரியில் பரிசோதித்து, கண் நன்றாக இருக்கிறது என்றார்கள். "மிஷின் பொய் சொல்லுது" என்று திரும்பி வந்தார். அன்று மாலை என் வீட்டு வாசலில் நின்று, வளையத்தை என் கையில் வைத்தார்.

"நீங்க படிச்சவரு, வெச்சுக்குங்க. தண்ணி மஞ்சள்னு கண்ணு சொல்லுது, உப்புன்னு நாக்கு சொல்லுது. ரெண்டும் பொய். இனிமே இத வெச்சுக்கினு நான் என்ன பண்றது?"

இரண்டும் உண்மை, நான்தான் பொய். வளையம் என் மேசைமேல் ஒரு இரவு இருந்தது. விடிந்ததும் அவர் மாடிக்குப் போய், குடைக்கடியில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். பருப்பு, சோப்பு, போர் தண்ணீர், ஒன்றும் விடவில்லை.

குடை அவர் கையிலிருந்து நழுவியது.

"அப்ப அது தண்ணி மஞ்சள்தானா?"

"ஆமா மாஸ்டர்."

"நாக்குல பட்டது?"

"உப்புதான்."

அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். மாஸ்டர் படிக்கட்டுப் பக்கம் ஓடிக் கீழே பார்த்துக் கத்தினார்: "ஏம்மா! என் கண்ணு நல்லாத்தான் இருக்குது! நாக்கும் நல்லா இருக்குது! அந்தப் பட்டுக் கடைக்கு போன் போடு, நான் வரேன்னு சொல்லு!"

வளையத்தை என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டார். அதற்குப் பிறகுதான் கோபம் அவருக்கு ஞாபகம் வந்தது.

"பருப்புக்கா சார்? பருப்புக்கா?"

கீழே கிடந்த குடையை எடுத்து மரத்துக்குப் பிடித்தேன்.

"எத்தினி விசில்?"

"ரெண்டு."

கீழேயிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது: "ரெண்டே விசிலா?"

அடுத்த ஞாயிறு, தொட்டிகளோடு வந்திருந்த அத்தனை பேர் முன்னாலும் எழுந்து நின்று, செய்ததைச் சொன்னேன். யாரும் சொல்லச் சொல்லவில்லை. அவர் கண்மேல் விழுந்த பழியை அங்கேயே எடுக்கவேண்டும் என்று தோன்றியது. முதல் மழைக்குள் என் வீட்டு மாடியிலிருந்து அவருடைய டிரம்களுக்குக் குழாய் இழுத்தேன். அந்தத் தண்ணீரில் மண்ணின் உப்பு மெல்லக் கழுவப்பட்டு, ஐப்பசியில் புதுத் தழை பச்சையாக வந்தது. எங்கள் வீட்டில் பருப்புக்குப் பழையபடி ஏழு விசில். மாஸ்டரின் வளையத்தில் நான்காவது முடிச்சுக்கு இப்போது பருப்பு மஞ்சள் என்று பெயர்.

இடது கிளை மட்டும் திரும்பவில்லை. மாஸ்டர் அதன் பட்டையை உரித்து, தேய்த்து, எலும்பு போல வெள்ளையாக மரத்திலேயே விட்டுவைத்தார். போன்சாயில் அது வழக்கம்தான் என்றாலும், நான் போகும்போதெல்லாம் முதலில் கண்ணில் படுவது அதுதான். ஞாயிறுதோறும் ஒரு பழைய டூத் பிரஷ்ஷால் அதன் தூசியை நானே துடைக்கிறேன்.

போன வாரம் புதிதாக வந்த ஒருவர், "செத்த கெள எதுக்கு சார்? வெட்டி வுட்டா அழகா இருக்குமே" என்று கை நீட்டினார்.

மாஸ்டர் அந்தக் கையைத் தட்டிவிட்டார்.

"அது எங்க பக்கத்து வூட்டு சாருபா. அவரு இங்கயே இருக்கட்டும்."