இரண்டாம் திகதி வரை மேனகா யார்?

மதிப்புக்குரிய மச்சான் சசிக்குமார் அவர்களுக்கு,

யட்டவத்தயிலிருந்து இராசமாணிக்கம் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. கலேவெலயில் நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் நோய்நொடியின்றி இருக்க முருகன் துணை. இங்கே எல்லோரும் சுகம். உங்கள் தங்கை கிருஷ்ணம்மா நான்கு நாட்களாக என்னோடு பேசுவதில்லை. அதை நோய்க் கணக்கில் சேர்க்க முடியாது.

நம் மகள் மேனகா பிரதேச சபைத் தேர்தலில் வென்றது உங்களுக்குத் தெரியும். முடிவு வந்த மறுநாள் காலையிலேயே கடைக்கார சாலிஹ் நானா மாலையோடு வந்துவிட்டார். மேனகா மருந்துக்கடை வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தாள். "நானா, அடுத்த மாசம் ரெண்டாந் திகதிதான் பதவிக்காலம் தொடங்குதுன்னு அரசாங்க வர்த்தமானியில போட்டிருக்காங்க. அதுவரைக்கும் நான் மெம்பர் இல்ல, மாலையக் கொண்டுபோங்க" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டாள். வீடு தேடி வந்த மனிதரை எப்படி மாலையோடு திருப்பி அனுப்புவது? நான் கழுத்தை நீட்டினேன். எல்லாம் அந்த இடத்தில்தான் தொடங்கியது, மச்சான். அன்று மாலையே நானாவின் மருமகனுடைய சலூனை நான் திறந்து வைக்கும்படி ஆகிவிட்டது. ரிப்பன் வெட்டியவரே முதல் வாடிக்கையாளராகவும் உட்கார வேண்டும் என்றார்கள். என் தலையில் இருந்த கொஞ்ச முடியும் போயிற்று. மறுநாள் வடிகால் கான் தண்ணீர் யார் பக்கம் ஓடுவது என்று சண்டை பிடித்த இரண்டு வீட்டார் வந்தார்கள். ஒற்றைத் திகதியில் இந்தப் பக்கம், இரட்டைத் திகதியில் அந்தப் பக்கம் தண்ணீர் ஓடட்டும் என்று தீர்ப்புச் சொன்னேன். தண்ணீருக்குத் திகதி தெரியவில்லை. ஒரே மழையில் இரண்டு வீட்டுக் குசினிக்குள்ளும் புகுந்து அடுப்பை அணைத்தது, இரண்டு வீட்டாரும் ஒற்றுமையாகி என் வாசலுக்கு வந்தார்கள்.

மேனகா கோபப்படவில்லை. 'உறுப்பினர் இன்னும் வரவில்லை. இரண்டாம் திகதி வருவார்' என்று அட்டையில் எழுதி கேட்டில் தொங்கவிட்டாள். உறுப்பினர் வெளிநாட்டில் இருக்கிறார் என்று ஊரெல்லாம் பேச்சாகிவிட்டது. அடுத்த தெருக் கைறுன்னிஸா ஆடு ஒன்றோடு வந்து மேனகாவிடமே விசாரித்தாள்.

"தங்கச்சி, மெம்பர் எந்த நாட்டுல இருந்து வாறாங்க?"

"இங்கதான் இருக்காங்க. இன்னும் மெம்பராகல."

"அப்ப நீங்க?"

"ரெண்டாந் திகதி வரைக்கும் நான் சும்மா."

"சும்மாதான் இருக்கீங்கன்னா இந்த ஆட்டக் கொஞ்சம் பிடிச்சிக்கங்க, சந்தைக்குப் போயிட்டு வந்திர்றேன்."

இரண்டு மணித்தியாலம் பிடித்திருந்தாள். அன்றைய அரைநாள் சம்பளம் போயிற்று.

இதற்கிடையில் யாரோ பொலிசுக்குப் பெட்டிசம் எழுதிப் போட்டிருக்கிறார்கள், உறுப்பினர் என்று சொல்லிக்கொண்டு ஒரு மொட்டைத்தலை ஆள் ஊரில் திரிவதாக. போன திங்கட்கிழமை என்னைப் பொலிசுக்கு அழைத்தார்கள். மேனகாவும் கூட வந்தாள். "நீங்கதான் மெம்பரா?" என்று சிங்களத்தில் என்னைக் கேட்டார்கள். இல்லை என்றேன். அவளைக் கேட்டார்கள். "இன்னும் இல்ல சேர்" என்றாள். யாருடைய பெயரில் முறைப்பாட்டை எழுதுவது என்று அவர்களுக்கே தெரியாமல் தேநீர் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் மேனகா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "பதினோரு ஓட்டுலதாம்பா ஜெயிச்சேன்" என்றாள். "எப்ப தப்புப் பண்ணுவான்னு பாத்துக்கிட்டே இருக்காங்க. அந்த முதல் தப்பயாவது நானே பண்ண விடுங்கப்பா." இறங்கும்வரை என் மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டே இருந்தேன்.

ஆகவே, இந்த ஒரு காரியத்தையாவது சட்டப்படி செய்ய நினைக்கிறேன். நீங்கள் இப்போது சமாதான நீதவான், சத்தியம் செய்து வைக்கவும் பத்திரங்களை உறுதிப்படுத்தவும் அதிகாரம் உள்ளவர். இரண்டாம் திகதி காலை பத்து மணிக்கு உங்கள் சீலோடு வந்து மேனகாவுக்குச் சத்தியப்பிரமாணம் செய்து வைக்க வேண்டும். வெளியாள் ஒருவரை நம்பி இதைக் கொடுக்க எனக்கு மனமில்லை.

அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு என் ஆசிகள். கிருஷ்ணம்மாவும் உங்களை விசாரித்ததாகவே எழுதுகிறேன்.

இப்படிக்கு,
இராசமாணிக்கம்
(ஓய்வுபெற்ற தபால் உத்தியோகத்தர்)

பி.கு.: இதைத் தபாலில் சேர்க்கப் போன இடத்தில் உங்கள் ஊர் முஸம்மில் மாஸ்டரைக் கண்டேன். உங்களுக்கு நியமனக் கடிதம் மட்டும்தான் வந்திருக்கிறதாம். நீங்கள் நீதிமன்றத்தில் சத்தியம் செய்ய இன்னும் ஐந்து வாரம் இருக்கிறதாம், அதுவரை உங்கள் சீல் செல்லாதாம். பரவாயில்லை, மேனகாவுக்கு வேறு ஆள் பார்க்கிறேன். ஆனால் மச்சான், நான் உயிரோடு இருக்கிறேன் என்று என் பென்ஷனுக்குப் போன மாதம் உறுதிப்படுத்திச் சீல் குத்தியது நீங்கள். அது செல்லாது என்றால் இப்போது என் நிலைமை என்ன? உடனே பதில் போடவும். கிருஷ்ணம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை.