மாமனாரும் எட்டாம் வகுப்பு ‘பி’ பிரிவும்

சொந்த மாமனாரை எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் பிடித்துக் கொடுத்தவள் நான். அதுவும் ஆட்டோ வைத்து அழைத்துப் போய்.

அப்போது எனக்குக் கல்யாணமாகி எட்டு மாதம். நாகல் நகர்ப் பக்கம் ஒரு பள்ளியில் சமூக அறிவியல் டீச்சர். ஏதோ பயிற்சி வகுப்புக்குப் போய்விட்டு வந்ததில் தலையில் கொம்பு முளைத்திருந்தது. போர்ப் பாடத்தை ஒப்பிக்க வைத்தால் போதாது. சான்றைக் கையில் கொடுத்து, ‘யார் எழுதியது, எங்கிருந்து, எதற்காக, எப்படி நம்புவது?’ என்று பிள்ளைகளையே கேட்க வைக்க வேண்டும் என்று கிளம்பினேன்.

சான்றுதான் வீட்டிலேயே இருந்ததே! மாமா எழுபத்தொன்றாம் ஆண்டுப் போரில் எல்லையில் நின்றவர். கெண்டைக்காலில் குண்டு உரசிய தழும்பு. பதுங்கு குழியிலிருந்து தன் அம்மாவுக்கு எழுதிய இன்லேண்ட் கடிதம் வேறு. (பெண் பார்க்க வந்த அன்றே தழும்பைக் காட்டிவிட்டார். அந்தக் கூட்டத்தில் நான் மாப்பிள்ளையைச் சரியாகப் பார்க்கவில்லை.)

ஆத்தூர் வீட்டிலிருந்து மாமாவையும் அத்தையையும் வகுப்புக்குக் கூட்டி வந்தேன். அத்தை பட்டுப்புடவையில். பக்கத்தில் தலைமையாசிரியை. மாமா பீரங்கிச் சத்தத்தை வாயாலேயே போட்டுக் காட்ட, வகுப்பு கைதட்டியது. கடிதம் பெஞ்சு பெஞ்சாகப் போனது.

பிரின்சி என்ற பெண் எழுந்தாள்.

“தாத்தா, எல்லையில இருந்து எழுதுறேன்னு இருக்கு. தபால் முத்திரையில ஜபல்பூர்னு இருக்கே?”

இன்னொருத்தி அதற்குள் சுவர் வரைபடத்தில் ஸ்கேலை வைத்துவிட்டாள். “டீச்சர், ஜபல்பூர் நாட்டுக்கு நட்ட நடுவுல இருக்கு. அம்புட்டு தூரம் எதிரி வந்துட்டானா?”

கொடுமை என்னவென்றால், பழக்க தோஷத்தில் என் வாய் “வெரி குட், சரியான கேள்வி” என்றது.

மாமா குண்டடி பட்டவர்போல என்னைப் பார்த்தார். முதல் முறையாக.

“இல்ல பாப்பா... சண்டைக்குப் போறவங்களுக்கு பூட்ஸ் எடுத்துக் குடுக்குற ஸ்டோர்ல இருந்தேன். ஆத்தா ஊருக்குள்ள பெருமையாச் சொல்லிக்கிடட்டும்னு அப்படி எழுதுனேன்.”

“அப்ப காலு?”

“பூட்ஸ் பெட்டி விழுந்துருச்சு.”

அத்தை எழுந்து நின்றார். “நாப்பது வருசமா அந்தக் காலுக்கு எண்ணெய் தேச்சு விட்டேனேங்க!”

எனக்குத் தரை பிளந்தால் தேவலை என்றிருந்தது. தலைமையாசிரியை என் பக்கம் சாய்ந்து, “பாடம் நல்லாப் போகுது, கண்டினியூ பண்ணுங்க” என்றார்.

ஊர் திரும்பும்வரை ஆட்டோவில் வேலையை விடுவதா, புகுந்த வீட்டை விடுவதா என்று யோசித்துக்கொண்டு வந்தேன். இரண்டு நாள் மாமா தன் சோற்றையும் தொட்டுக்கொள்ளும் வெஞ்சனத்தையும் தானே போட்டுக்கொண்டு சாப்பிட்டார். மூன்றாம் நாள் என்னைக் கூப்பிட்டார். போச்சு என்று நினைத்தேன்.

“இப்பத்தான் தாயி நிம்மதியா இருக்கு. ஆள் பாக்கும்போதெல்லாம் நொண்டுறது லேசுப்பட்ட வேலையா?”

இப்போது விருந்தாளி யார் வந்தாலும் மாமா இந்தக் கதையைத்தான் சொல்கிறார். போன பொங்கலுக்கு அவர் சொன்னபோது பிரின்சி நாலு பேராகிவிட்டாள்; தலைமையாசிரியை கையில் பிரம்பு வந்துவிட்டது. கண்ணால் கண்ட சாட்சி என்ற முறையில் நான் திருத்தப் போனால், அத்தை என் கையைப் பிடித்து உட்கார வைக்கிறார்.

“நீ சும்மா இரு தாயி. இதாவது நெசமா நடந்துச்சே!”